லாரி இழுக்கவில்லை

பரண்மேல் இருந்த பெட்டிகளைப் போன வாரம் இறக்கினோம். கரையான் தின்றதுபோக மிஞ்சியதில் ஒரு நீள நோட்டு இருந்தது. அட்டையில் என் கையெழுத்திலேயே "லாரி 2010, 2011" என்று எழுதியிருக்கிறது. பேரன் அதைப் புரட்டிவிட்டு, "தாத்தா, இந்த ஒரு பக்கத்துல மட்டும் ஏன் ரெட் இங்க்ல எழுதியிருக்கீங்க?" என்று கேட்டான். நோட்டை வாங்கி மூடி வைத்துவிட்டேன். அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். லாரி வைத்திருந்தவர்களுக்கும், வைத்து நொந்தவர்களுக்கும் பயன்படலாம்.

என் அக்கா மகன் 2010 தொடக்கத்தில் ஒரு பழைய பத்துச் சக்கர லாரியை வாங்கினான். நான் ஓய்வு பெற்ற வருடம் அது. கடனுக்கு ஜாமீன் கையெழுத்து என்னுடையது. முன்பணத்தில் ஒரு பங்கு என் பணிக்கொடையிலிருந்து போனது. வீட்டில் இதற்கு ஒருவர் சம்மதமும் கிடையாது. அதனாலேயே, கணக்கு என் கையில் இருக்கட்டும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சரக்கு ஏற்றி, திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் போகும். போக வர 620 கிலோமீட்டர். நம் ஊரில் டீசல் மலிவு என்பதால் புறப்படும்போது இங்கே டேங்க்கை நிரப்பிவிடுவோம். திரும்பி வந்ததும் அதே பங்க்கில் மறுபடி நிரப்புவோம். இரண்டாவது தடவை எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதுதான் அந்த நடையின் செலவு. 620ஐ அதால் வகுத்தால் லிட்டருக்கு எவ்வளவு ஓடியது என்று தெரியும். முதல் பத்து மாதமும் 3.9, 4.0, 3.9 என்று ஒரே சீராக இருந்தது.

இந்த வேலை எனக்குப் புதிதல்ல. ஆபீஸில் எட்டு வருடம் அரசு ஜீப்புகளின் லாக் புக் என் மேஜையில்தான் இருந்தது. தணிக்கைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். டீசல் எந்தெந்த வழியில் காணாமல் போகும் என்று எனக்கு நாலைந்து வகை தெரியும். மீட்டர் கேபிளைக் கழற்றி விடுவது, பங்க்கில் ரசீதை மட்டும் கூட்டி வாங்குவது, வழியில் டேங்க்கில் குழாய் போட்டு கேனில் இறக்குவது. இதெல்லாம் தெரிந்தவன் என்ற எண்ணம் கொஞ்சம் தலையில் இருந்தது.

அந்த வருட ஐப்பசி, கார்த்திகை மழையில் சரக்கு கிடைக்கவில்லை. எஃப்.சி. வேலையும் சேர்ந்துகொண்டது. லாரி 40 நாள் திறந்த மைதானத்தில் மழையில் நனைந்தபடி நின்றது. ஷெட்டில் விட்டால் நாள் வாடகை கேட்பார்கள் என்று வேண்டாம் என்றவன் நான்தான்.

தை பிறந்து ஓட்ட ஆரம்பித்ததும் டிரைவர் வந்து சொன்னார். நாங்கள் வாங்குவதற்கு முன்பிருந்தே அதை ஓட்டியவர், லாரியோடு எங்களிடம் வந்தவர்.

"சார், வண்டி இழுக்கல. சூளகிரி மேட்டுல மூணாவது கியர்ல ஏறும். இப்ப ரெண்டுக்கு வந்துடுது. டர்போ சத்தமும் மாறியிருக்கு. விசில் வரல."

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போக 400 மீட்டர் போல உயரம் ஏற வேண்டும். முழு லோடுக்கு அது சோதனைதான். ஆனால் என் வாயில் வந்த பதில், "விசில் அடிக்கிறதுக்கா லாரி வாங்கினோம்?" என்பது. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவர் இன்னும் இரண்டு தடவை சொன்னதும், அக்கா மகன் லாரியை ஒரு பம்ப் கடைக்குக் கொண்டுபோனான். "பம்பைக் கொஞ்சம் கூட்டி விட்டா சரியாயிடும்" என்றார்கள். 800 ரூபாயில் முடிந்ததே என்று நானும் சந்தோஷப்பட்டேன். இழுவை ஓரளவு திரும்பியது. கூடவே கறுப்புப் புகையும் வந்தது. நோட்டில் 3.9 இருந்த இடத்தில் 3.5 ஆயிற்று. பிறகு 3.3, அப்புறம் 3.2. 620 கிலோமீட்டருக்கு 159 லிட்டர் போதும் என்றிருந்தது 194 லிட்டர் கேட்டது. நடைக்கு 35 லிட்டர் அதிகம், அன்றைய விலையில் கிட்டத்தட்ட 1,400 ரூபாய். மாதம் ஏழெட்டு நடை.

தவணை கட்டுவதில் தடுமாற்றம் தொடங்கியது அப்போதுதான். ஜாமீன்தாரர் என்ற முறையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அன்று இரவு நோட்டை எடுத்து, மூன்று மாதக் கணக்கையும் வரிசையாக எழுதி, கீழே சிவப்பு மையில் ஒரே வார்த்தை எழுதினேன். "திருட்டு?" கேள்விக்குறி போட்டேனே தவிர எனக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் டிரைவரைக் கூப்பிட்டு நோட்டை அவர் முன்னால் விரித்தேன். குரலை உயர்த்தவில்லை. ஆபீஸில் விளக்கம் கேட்பதுபோல, தேதி, லிட்டர், கிலோமீட்டர் என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். உயர்த்தியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். அவர் எண்களைப் பார்க்கவே இல்லை. என் அக்கா மகனைப் பார்த்து, "தம்பி, நீயும் இதையே நினைக்கிறியா?" என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். அவருக்குச் சேர வேண்டிய படி பாக்கி 4,200 ரூபாயை, போன டீசலுக்கு ஈடு என்று நான் நிறுத்திவைத்தேன்.

வேறு டிரைவர் வந்தார். முதல் நடை 3.2. இரண்டாவது நடை 3.1.

இவருமா என்று அக்கா மகன் தலையில் கை வைத்தான். நான் மூன்றாவது நடைக்குக் கூடவே கிளம்பிவிட்டேன். அறுபது தாண்டியவன் லாரி கேபினில் இரண்டு இரவு தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். செங்கத்தில் டீ குடிக்க இறங்கினாலும் டேங்க் மூடி தெரிகிற மாதிரிதான் நின்றேன். டிரைவருக்கு விஷயம் புரிந்து, ஒண்ணுக்குப் போனால்கூட "சார், வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சூளகிரி மேட்டில் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வந்த பஸ் எங்கள் புகையில் மறைந்துபோயிருந்தது. ஊர் திரும்பி, நானே பங்க்கில் நின்று நிரப்பினேன். 3.2.

அந்தப் பங்க்கில் நின்றபோது வயிற்றில் ஏதோ புரண்டது. ஒரு சொட்டு டீசலும் திருடு போகவில்லை என்பதற்கு இப்போது நானே சாட்சி.

ஒரு பெரிய பட்டறையில் காட்டினோம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, டர்போ போய்விட்டது, புதிது போட வேண்டும், கூலியோடு 38,000 ரூபாய் என்றார்கள். அவ்வளவு பணம் இல்லை. இல்லாமல் போனதும் நல்லதுக்கே. மேட்டுப்பாளையம் லாரி முனையத்தின் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் இருந்தார். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள். அவரிடம் போனோம்.

பாய் ஸ்பேனரைத் தொடவில்லை. ஸ்டூலைப் போட்டு எங்களை உட்காரவைத்து, டாக்டர் கேட்பதுபோலக் கேட்டார். எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, யார் யார் எங்கே கை வைத்தார்கள்? பம்பைக் கூட்டியதைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "முதல்ல ஓட்டினவர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார். விசில் வரவில்லை என்று சொன்னதாகச் சொன்னேன். "அவரைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு வேலையைத் தொடங்கினார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். அடைப்பு இல்லை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ்களில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, எஞ்சினை முடுக்கச் சொன்னார். ஒரு கிளாம்ப்பில் மட்டும் இரண்டு குமிழ் வந்தது. இறுக்கிவிட்டு, "இதுக்கு இவ்வளவு புகை வராது" என்றார். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, டர்போவின் வாயிலிருந்த ஹோஸைக் கழற்றி உள்ளே இருந்த சக்கரத்தை விரலால் சுண்டினார். பம்பரமாகச் சுற்றியது. அச்சை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். சக்கரம் சுவரில் உரசிய தடம் இருக்கிறதா, எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்.

"டர்போ உசிரோட இருக்கு சார். 38,000 அப்படியே இருக்கட்டும்."

டர்போ என்றால் என்ன என்று நான் கேட்டது அப்போதுதான். ஒரே அச்சில் இரண்டு சக்கரம். எஞ்சின் கக்கும் சூடான புகை ஒன்றைச் சுற்றும். அதோடு சேர்ந்து சுற்றும் மற்றது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு 80,000 சுற்றுக்கு மேலும் போகும். காற்று கூடினால் அதிக டீசலை முழுதாக எரிக்கலாம், இழுவை கூடும். வீணாகப் போகிற புகையை வைத்தே செய்கிற வேலை என்பது எனக்குப் பிடித்திருந்தது. (வீட்டுக்கு வந்து பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைத் தேடினேன். இந்த யோசனைக்கு 1905இல் காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூஹி. முதல் உலகப் போரின்போது, உயரத்தில் காற்று மெலிந்து விமான எஞ்சின் திணறுவதைச் சரிசெய்ய ஒரு ரெனோ எஞ்சினில் இதைப் பொருத்தியவர் ஓகுஸ்த் ரத்தோ என்கிற பிரெஞ்சுக்காரர். எங்கள் பள்ளியில் ஏனோ அவரைப் பற்றி ஒரு வரி சொல்லிக்கொடுக்கவில்லை.)

பாய் டர்போவின் பக்கவாட்டில் டம்ளர் அளவில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தகர டப்பாவைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் ஆக்சுவேட்டர்." டப்பாவுக்குள் ஒரு ரப்பர் சவ்வும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். டர்போ அமுக்கிய காற்றில் கொஞ்சம் ஒரு சின்னக் குழாய் வழியாக இதற்குள் வரும். அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் சவ்வு ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நகரும், அந்தக் கம்பி ஒரு நெம்புகோலைத் திருப்பும். திருப்பினால் டர்போவுக்குள் ஒரு சின்னக் கதவு திறக்கும். எஞ்சின் புகையில் ஒரு பங்கு சக்கரத்தைத் தொடாமல் குறுக்கு வழியில் சைலன்சருக்குப் போய்விடும். டர்போவின் வேகம் தணியும்.

"சூப்பாப்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"எந்தப் பாப்பா சார்?" என்றார் பாய்.

பிரெஞ்சில் வால்வுக்கு அந்தப் பெயர். எங்கள் பௌதிக வாத்தியார் தெனி பப்பேனின் பாத்திரத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவார். 17ஆம் நூற்றாண்டில், ஆவி மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் வால்வோடு பப்பேன் செய்த பாத்திரம் அது. இன்றைய குக்கருக்குப் பாட்டன். இதைச் சொன்னதும் பாய், "அதேதான் சார். குக்கர் வெயிட்டு பாதி தூக்கினபடி மாட்டிக்கிச்சுன்னா சோறு வேகுமா?" என்றார்.

அவர் சோதித்த முறையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். கம்ப்ரசர் காற்றை நேராக அந்த டப்பாவுக்குள் விடவில்லை. பட்டறைக் காற்று ஏழெட்டுக் கிலோ அழுத்தத்தில் இருக்கும். அதை அப்படியே விட்டால் சவ்வு கிழிந்துவிடும், பிறகு இல்லாத கோளாறு ஒன்று புதிதாகச் சேரும். நடுவில் அழுத்தம் குறைக்கிற ரெகுலேட்டரும் கேஜும் வைத்து, பூஜ்யத்திலிருந்து மெல்லக் கூட்டினார். அரைக் கிலோ, முக்கால், ஒன்று. கம்பி அசையவில்லை. ஒன்றரை வரை போனார். அசையவில்லை.

"டப்பா போச்சு, இல்லையா பாய்?" என்றேன். எனக்கு எப்போதுமே முடிவு சீக்கிரம் வந்துவிடும்.

"அவசரப்படாதீங்க." காற்றை நிறுத்திவிட்டு, கம்பியை நெம்புகோலோடு இணைக்கும் கிளிப்பைக் கழற்றி இரண்டையும் பிரித்தார். மறுபடி காற்று. இப்போது ஒரு கிலோ தாண்டியதும் கம்பி வழவழவென்று வெளியே வந்தது. குழாயை அடைத்துவிட்டு ஒரு பீடி நேரம் காத்திருந்தார். கேஜ் முள் இறங்கவில்லை, அதாவது சவ்வில் ஓட்டை இல்லை. காற்றை விட்டதும் கம்பி முழுதாக உள்ளே போயிற்று. ஸ்பிரிங்கும் சரி. டப்பா மேல் ஒரு குற்றமும் கிடையாது.

பிறகு நெம்புகோலை விரலால் தள்ளச் சொன்னார். தள்ளினேன். பாறை. கதவின் அச்சில் துருவும் கரியும் சேர்ந்து, பாதி திறந்த நிலையிலேயே இறுகிப்போயிருந்தது.

மழையில் நின்றபோது அச்சில் துரு ஏறியிருக்கிறது. எஞ்சின் மேட்டில் முக்கும்போது காற்றின் பலத்தில் கதவு திறந்திருக்கிறது. திரும்ப இழுத்து மூட ஸ்பிரிங்குக்கு அந்தப் பலம் போதவில்லை. ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் நின்றுவிட்டது. புகையில் ஒரு பங்கு எந்நேரமும் குறுக்கு வழியில் போனதால் டர்போ வேகம் பிடிக்கவில்லை, விசில் வரவில்லை. காற்று குறைந்தால் டீசலையும் தானே குறைத்துக் கொடுக்கிற ஏற்பாடு பம்பிலேயே உண்டு. நாங்கள் 800 ரூபாய் கொடுத்து அதையும் சேர்த்துத் திருகி விட்டிருந்தோம். காற்றில்லாத எஞ்சினுக்கு டீசலை ஊற்றினோம். எரிய முடியாதது கறுப்புப் புகையாகச் சூளகிரி மேட்டில் போயிற்று. நோட்டில் இருந்த 35 லிட்டரும் அதுதான்.

துருவை விடுவிக்கப் பாய்க்கு அரை நாள் பிடித்தது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கேஸ் தீயில் லேசாகச் சூடுகாட்டி, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, முன்னும் பின்னும் மயிரிழை மயிரிழையாக அசைத்தார். விரலால் தள்ளினால் போய், விட்டால் தானே விழுகிற அளவுக்கு வந்த பிறகுதான் கம்பியை மாட்டினார். மாட்டும்போது ஸ்பிரிங் லேசாக இழுபடும்படி கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்து, மறுபடி கேஜ் வைத்து எத்தனை கிலோவில் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டார். சிலர் இந்தச் சிரமம் எதுவும் வேண்டாம் என்று நெம்புகோலைக் கம்பி போட்டுக் கட்டிவிடுவார்களாம். கதவு திறக்கவே திறக்காது, லாரி பறக்கும், சில நாளில் ஹெட் கேஸ்கெட்டோ டர்போவோ போய்விடும் என்றார். பம்பைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேறொரு கடைக்கு அனுப்பினார். எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய்.

அடுத்த நடை 3.8. அதற்கடுத்தது 3.9.

3.9 என்று எழுதிய அன்று மாலையே கிளம்பினேன். வில்லியனூர் தாண்டி உள்ளே ஒரு கிராமம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் அப்போது ஒரு கல்லூரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். திண்ணையில் உட்காரவைத்தார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "தப்பு என்னுது" என்று மட்டும் சொன்னேன். ஆக்சுவேட்டர், நெம்புகோல், துரு என்று ஏதேதோ விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேனே சார், விசில் வரலன்னு."

பிறகு அவரே கேட்டார். "இப்ப சூளகிரில எந்த கியர்ல ஏறுது?"

"மூணாவதுல."

தலையாட்டிக்கொண்டார். திரும்ப வருகிறீர்களா என்று கேட்டேன். "வேண்டாம் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. 4,200 ரூபாயை நீட்டினேன். வாங்கி, எண்ணிப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கணக்குல எழுதிடுங்க சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். நோட்டில் இருக்கிறது. "டிரைவர் படி பாக்கி 4,200, நேரில் கொடுத்தாயிற்று." பழைய பக்கத்தைத் திருப்பி, அந்தச் சிவப்பு மை வார்த்தையின் மேல் ஒரு கோடு போட்டேன். பதிவேட்டில் எதையும் சுரண்டி அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு, அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், பக்கத்தில் தேதியோடு சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. அப்படியே செய்திருக்கிறேன். பேரனால் படிக்க முடிந்தது அதனால்தான்.